ஆபர் லெட்டரில் 80 ஆயிரம், கைக்கு வருவது எவ்வளவு? – வேலை கேள்வி பதில்

ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சி.என்.சி. (கணினி இயக்கும் மிஷின்) ஆபரேட்டராகவும், மிஷினில் டூலும் அளவும் பொருத்தும் செட்டராகவும் இருந்தேன். இரண்டு மாதமாக ஷிப்ட் சூப்பர்வைசர். என் கீழ் 14 பேர். பாதிப் பேர் கூடவே டீ குடித்து வளர்ந்த நண்பர்கள். எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ரிஜெக்ஷன் கூடிவிட்டது. செட்டிங்கை நானே செய்து சமாளிக்கிறேன். மேனேஜர் தினமும் திட்டுகிறார்.
– வாசகர், ஓசூர்

நண்பர்கள் சிரிப்பதை அப்புறம் பார்க்கலாம். "செட்டிங்கை நானே செய்து சமாளிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் சிக்கல் அங்கேதான். ஒரு மிஷினுக்குள் நீங்கள் 40 நிமிடம் தலையை விட்டிருந்தால், மற்ற மிஷின்களுக்கு அந்த 40 நிமிடமும் சூப்பர்வைசர் கிடையாது. நல்ல செட்டரைச் சூப்பர்வைசர் ஆக்கும்போது பெரும்பாலான கம்பெனிகளில் நடப்பது இதுதான்: ஒரு நல்ல செட்டர் போய்விடுகிறார், சூப்பர்வைசரும் கிடைப்பதில்லை.

ஒரு தாளில் இடப்பக்கம் 14 பெயர்களையும் மேலே மிஷின்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 4 வரை ஓர் எண். பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டுவார் என்றால் 1, தனியாக ஓட்டுவார் என்றால் 2, செட்டிங் போடுவார் என்றால் 3, அடுத்தவருக்குக் கற்றுத்தருவார் என்றால் 4. இப்போது 3 என்று வரும் இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒரு மாதத்துக்கு எல்லா செட்டிங்கும் அவர்கள் கையால்தான். நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், ஸ்பேனரைத் தொடக் கூடாது. உங்களுக்கு 40 நிமிடம் ஆகும் வேலை ஆரம்பத்தில் அவர்களுக்கு 70 நிமிடம் ஆகும். இதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடந்த பிறகு சொன்னால் அது சாக்கு ஆகிவிடும்.

ரிஜெக்ஷனுக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு, தள்ளுபடியான ஒவ்வொரு பீஸுக்கும் மிஷின் எண், எந்த அளவு தவறியது, என்ன நேரம் என்ற மூன்றையும் மட்டும் குறித்து வாருங்கள். ஷிப்ட் ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்திலும் இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றிய உடனேயும் கும்பலாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஞாயிறு முழுக்க நின்ற மிஷின் திங்கள் காலையில் குளிர்ந்து கிடக்கும். ஓட ஓட ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் சூடேறி நீளும். பத்து, இருபது மைக்ரான் நகர்வது சாதாரணம். ஆபரேட்டர் முதல் பீஸை அளந்து பார்த்து ஆஃப்செட்டை, அதாவது மிஷினில் ஏற்றிய அளவுத் திருத்தத்தை, தட்டுவார். அரை மணி நேரத்தில் மிஷின் சூடானதும் அளவு எதிர்ப்பக்கம் ஓடும். மறுபடி தட்டுவார். அடுத்த ஷிப்ட்காரர் வந்து தன் கணக்குக்கு ஒருமுறை தட்டுவார். உங்கள் டாலரன்ஸே, அதாவது அளவில் அனுமதித்த வித்தியாசமே, 20 மைக்ரான் என்றால், மிஷினில் ஒரு கோளாறும் இல்லாமலே ரிஜெக்ஷன் குவியும்.

தினம் முதல் 15, 20 நிமிடம் பீஸ் போடாமல் வார்ம்-அப் புரோகிராம் ஓட்டச் சொல்லுங்கள். இன்செர்ட் மாற்றினாலும் செட்டிங் மாற்றினாலும் முதல் பீஸ் குவாலிட்டியில் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த பீஸ். ஆஃப்செட்டை மாற்றும் உரிமை ஷிப்டுக்கு இரண்டு பேருக்கு மட்டும். மாற்றினால் எத்தனை மணிக்கு, எவ்வளவு, ஏன் என்று ரிஜிஸ்டரில் ஒரு வரி. ஷிப்ட் ஒப்படைப்பு மிஷின் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் நடக்கட்டும், டீக்கடையில் வேண்டாம்.

இனி நண்பர்கள். "மச்சான்" என்று கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால்தான் "பதவி வந்ததும் ஆள் மாறிட்டான்" என்ற பேச்சு வரும். அவர்கள் கவனிப்பது ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. யாருக்குப் போகிறது, தீபாவளி லீவு யாருக்குக் கிடைக்கிறது, லேசான மிஷின் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். இவை மூன்றுக்கும் சுழற்சிப் பட்டியல் எழுதி போர்டில் ஒட்டிவிடுங்கள். ஒரே நண்பருக்கு அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஓ.டி. போனால், மற்ற பாதிப் பேர் அதற்குப் பிறகு உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

தவறைச் சொல்லும்போது அன்றைக்கே, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "மச்சான், ராத்திரி ரெண்டு மணிக்கு மூணாவது மிஷின்ல முதல் பீஸ் செக் பண்ணாம 22 பீஸ் ஓடியிருக்கு. என்ன ஆச்சு?" அதோடு நிறுத்திக்கொண்டு பதிலுக்குக் காத்திருங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு பழைய கதைக்குப் போய்விடும், 22 பீஸ் மறந்துபோகும். மூன்றாவது முறையும் அதுவே நடந்தால் எழுத்தில் மேனேஜருக்குப் போக வேண்டும். போகப்போகிறது என்பது அந்த நண்பருக்கு முதலில் உங்கள் வாயால் தெரிய வேண்டும்.

மேனேஜர் கேட்கும் முன்பே, ஷிப்ட் முடிவில் நான்கு வரி அனுப்புங்கள்: திட்டம், உற்பத்தி, ரிஜெக்ஷன், மிஷின் நின்ற காரணம். திட்டு முழுதாக நிற்காது. ஆனால் பேச்சு உங்களை விட்டு மிஷின் பக்கம் திரும்பும்.

ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது, பேசிக் 25,000. வேறு கம்பெனியில் ஆண்டுக்கு 9.6 லட்சம் சி.டி.சி.க்கு ஆபர் வந்திருக்கிறது. மாதம் 80,000 என்று வீட்டில் சொல்லிவிட்டேன். 60 ஆயிரம்கூட வராது என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?
– வாசகி, சென்னை

தோழி சொல்வதுதான். சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி ஒதுக்கும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கு வராத பணமும் அடக்கம்.

வழக்கமான ஒரு பிரிப்பைப் போட்டுப் பார்ப்போம். பேசிக் பாதி, அதாவது 4,80,000. ஆண்டு முடிவில் வரக்கூடிய வேரியபிள் பே 10 சதவீதம்: 96,000. கம்பெனி கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம்: 57,600. கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம்: சுமார் 23,100. குரூப் இன்ஷூரன்ஸ் 15,000 என்று வைத்துக்கொள்வோம். இவை போக அலவன்ஸுக்கு மிஞ்சுவது சுமார் 2,88,300. பேசிக்கையும் அலவன்ஸையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 64,000. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 4,800-ம் தொழில்வரி மாதக் கணக்கில் 200 ரூபாய் சொச்சமும் போனால் கையில் 59,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி தள்ளுபடி இருப்பதால் வருமானவரிப் பிடித்தம் வராது.

அதே 9.6 லட்சத்தை இன்னொரு கம்பெனி வேறு மாதிரி பிரிக்கலாம். பி.எஃப். கட்டாய உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 மட்டும் கட்டினால், கம்பெனிப் பக்கம் 3,000, உங்கள் பக்கம் 3,000 மிஞ்சி, கைச்சம்பளம் 65,000 ஆகும். சேமிப்பு அந்த அளவுக்குக் குறையும். எது நல்லது என்பது உங்கள் வீட்டுக் கடனைப் பொறுத்தது. ஆனால் இரண்டு ஆபர்களை சி.டி.சி.யை வைத்து ஒப்பிடவே கூடாது என்பது இதிலிருந்து புரியும்.

ஆகவே ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே சம்பளப் பிரிப்பு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வேரியபிள் பற்றி மூன்று கேள்விகள் போதும்: கடந்த இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், அது கம்பெனி லாபத்தைப் பொறுத்ததா உங்கள் வேலையைப் பொறுத்ததா, எந்தத் தேதிக்கு முன் சேர்ந்தால் இந்த வருடக் கணக்கில் வருவீர்கள். ஜாயினிங் போனஸ் தந்தால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி எங்காவது இருக்கும். வரி பிடித்துக் கொடுத்த பணத்தைப் பிடிக்காத முழுத் தொகையாகத் திருப்பிக் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் 4 வருடம் 5 மாதம் ரொம்ப முக்கியமான எண். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே அந்த வருடம் முழுமையானதாகக் கருதப்படும் என்று 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்குச் சட்டத்தில் அந்த எண் 190. தொகை என்ன? கடைசி பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு வருடம். உங்கள் 25,000-க்கு ஐந்து வருடக் கணக்கில் 72,115 ரூபாய். நோட்டீஸ் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள் என்றே தோன்றுகிறது. ஐந்து வருடம் முழுதாக முடியாவிட்டால் தர மறுக்கும் எச்.ஆர்.களும் இருப்பதால், கடைசி வேலை நாளை ஒத்துக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

நோட்டீஸ் 90 நாள். புதிய கம்பெனி 30 நாளில் சேரச் சொல்கிறது. சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

நிற்காதீர்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பி.எஃப். கணக்கில் பழைய கம்பெனியின் விலகல் தேதி ஏறாமல் கிடக்கும். புதிய கம்பெனி பின்னணி சரிபார்க்கும்போது இரண்டு இடத்தில் ஒரே சமயம் வேலை செய்தது போலத் தெரியும். ஆபரை ரத்து செய்ய அந்த ஒரு காரணம் போதும்.

ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். இன்றைய தேதி, நீங்கள் கேட்கும் கடைசி வேலை நாள், யாரிடம் எந்த வேலையை எப்போது ஒப்படைப்பீர்கள் என்ற அட்டவணை, இவ்வளவுதான். காரணம் எழுத வேண்டியதில்லை, மனக்குறை கூடவே கூடாது. சீக்கிரம் விடச் சம்மதிக்க வைப்பது அந்த ஒப்படைப்பு அட்டவணைதான். மேனேஜரின் பயம் உங்கள் வேலை நடுவில் நிற்குமே என்பது. மீதமுள்ள லீவைக் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் மேல் உள்ள நாட்களுக்குப் பணம் கட்டுவதென்றால், நியமனக் கடிதத்தில் பேசிக்கா முழுச் சம்பளமா என்று பாருங்கள், தொகை கிட்டத்தட்ட பாதியாக மாறும். புதிய கம்பெனி அதை ஏற்பதாகச் சொன்னால் ஆபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் பணத்தோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்துப் பிடித்தால் கேள்வி கேளுங்கள்: அதற்கு வரி கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை 178-ல் தெளிவாக்கிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். "45 நாள் ஆகும், அதுதான் எங்கள் பாலிசி" என்பது பழைய பல்லவி.

விலகும் முன் ஆதார், பான், பி.எஃப். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் செய்கிற வேலை இது: ஆதாரில் ஓர் எழுத்து, பானில் அப்பா பெயர் முழுதாக, பி.எஃப்.பில் இனிஷியலே இல்லாமல். கம்பெனியில் இருக்கும்போது திருத்துவது சுலபம். விலகிய பிறகு அதே எச்.ஆர். போனை எடுக்க மாட்டார். விலகல் தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே போடலாம். பழைய பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரிக்கு உட்படும். ஓய்வூதியத்துக்கான பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகலாம்.

புதிய கம்பெனியில் சேர்ந்ததும் இந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் 75,000 நிலைக்கழிவையும் (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) வரித் தள்ளுபடியையும் தனித்தனியாகக் கொடுத்துவிடும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்த வரியும் வட்டியோடு உங்கள் தலையில் வந்து விழும்.

பி.காம். படித்து அக்கவுண்டன்டாக இருந்தேன். குழந்தைக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்தேன். போகும் இடமெல்லாம் அந்த இடைவெளியைத்தான் கேட்கிறார்கள்.
– வாசகி, மதுரை

இடைவெளியை மறைக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். ரெஸ்யூமில் ஒரே வரி: "2019 – 2025: குடும்பப் பொறுப்பு. தற்போது முழுநேர வேலைக்குத் தயார்." வருடங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது, இன்றைய ஜி.எஸ்.டி. தெரியுமா என்பதுதான்.

அந்த ஆறு வருடத்தில் நிறைய மாறியிருக்கிறது. டேலி இ.ஆர்.பி. 9 போய் டேலி பிரைம் வந்துவிட்டது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்தது: சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்கவோ மறுக்கவோ நிலுவையில் வைக்கவோ செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், முக்கியமாக 5, 18 என்று ஆகிவிட்டது. மாதத் தேதிகள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: 7-க்குள் டி.டி.எஸ்., 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 14-ல் கொள்முதல் வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி வரும், 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி.

இன்டர்வியூ என்ற பெயரில் பல இடங்களில் டேலி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். வெளிமாநிலக் கொள்முதல் பில் ஒன்று, அதில் பாதி சரக்குத் திரும்பியதற்கு டெபிட் நோட், ஒரு மாத பேங்க் ரீகன்சிலியேஷன் என்று மூன்றும் கேட்பார்கள். சறுக்குவது பெரும்பாலும் ரீகன்சிலியேஷனில். புத்தகத்தில் எழுதி பேங்குக்கு வராத செக், பேங்க் பிடித்துப் புத்தகத்தில் எழுதாத சார்ஜ் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். வீட்டிலேயே உங்கள் பாஸ்புக்கை வைத்து நான்கு மாதத்துக்குப் போட்டுப் பழகுங்கள்.

நேரடியாகப் பெரிய கம்பெனியைத் தேடாமல் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் சேருங்கள் என்பதே என் யோசனை. ஜூலை முதல் அக்டோபர் வரை ரிட்டர்னும் வரித் தணிக்கையும் குவிவதால் அங்கே எப்போதும் ஆள் தேவை. சம்பளம் குறைவு, வேலை நேரம் நீளம். ஆனால் நான்கு மாதத்தில் இருபது கம்பெனி கணக்கைத் தொட்டுவிடுவீர்கள். அடுத்த ரெஸ்யூமில் இடைவெளி முதல் வரியாக இருக்காது.

கம்போடியாவில் டேட்டா என்ட்ரி, மாதம் 80 ஆயிரம், தங்குமிடம் இலவசம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். 1.5 லட்சம் கேட்கிறார்.
– வாசகர், ராமநாதபுரம்

போகாதீர்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கம் இதே பேச்சை நம்பிப் போனவர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு ஆன்லைன் மோசடி செய்ய வைத்த சம்பவங்கள் ஏராளம். மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. அதுவும் டைப் அடிக்க மட்டும் தெரிந்தவருக்கு 80 ஆயிரமும் சாப்பாடும் யார் கொடுப்பார்கள்? பதிவு பெற்ற ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000-ம் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். டூரிஸ்ட் விசா என்ற சொல் வந்ததுமே பேச்சை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இரண்டு வருட பாண்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். பாண்டு செல்லாது என்கிறார்களே?
– வாசகி, கோவை

முழுக்கச் செல்லாது என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்காக, எழுதிய தொகையெல்லாம் அப்படியே வசூலாகும் என்பதும் இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது. கம்பெனி உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தது, என்ன செலவு செய்தது என்ற கேள்வி வரும். எனவே தொகை, காலம், மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா, கம்பெனியே வேலையை விட்டு எடுத்தால் என்ன என்ற நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்து வைக்கக் கூடாது. "சரிபார்த்துவிட்டு இன்றே தருகிறோம்" என்றால் எதிரிலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வாருங்கள். கட்டாயம் வைத்துக்கொள்வோம் என்றால், கம்பெனி லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட் எண்களோடு பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் திருப்பித் தரும் தேதியும் கேளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் அன்றைக்கே சேராமல் திரும்பிவிடலாம்.